மாற்றத் தாமதம்: டிரைவர் சொல்ல வேண்டிய மூன்றாவது விஷயம்

லினக்ஸ் கர்னலின் சிபியுஃப்ரீக் அமைப்பு ஒரு புது டிரைவரிடம் அதிகம் கேட்பதில்லை. இந்தச் சிப் எந்தெந்த அதிர்வெண்களில் ஓடும்? ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது எப்படி? மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? முதல் இரண்டில் தவறினால் அன்றைக்கே தெரிந்துவிடும். போர்டு பூட் ஆகாது, அல்லது பூட் ஆனாலும் பாதியில் உறைந்து நிற்கும். மூன்றாவதில் தவறினால் எதுவும் ஆகாது. லாக்கில் ஒரு வரிகூட வராது, சோதனைகள் எல்லாம் பாஸ் ஆகும். சாதனம் சந்தைக்குப் போன பிறகு யாராவது "பேட்டரி முன்னைப்போல நிற்கவில்லை" என்றோ "தொட்டதும் ஒரு கணம் திணறுகிறது" என்றோ சொல்வார்கள். அப்போதும் இந்த எண்ணின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. தனி அத்தியாயம் ஒதுக்கக் காரணம் இதுதான்.

மேலே படிப்பதற்கு முன் உங்கள் போர்டில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். சிஸ்எஃப்எஸ்-இல் சிபியுஃப்ரீக் கோப்புறைக்குள் ஒவ்வொரு பாலிசிக்கும் ஒரு கோப்புறை உண்டு. அதற்குள் சிபியு-இன்ஃபோ வரிசைக் கோப்புகளில் டிரான்ஸிஷன் லேட்டன்ஸி என்று ஒன்று இருக்கும். அதில் உள்ள எண் நானோ நொடிக் கணக்கு. 50000 என்றோ 300000 என்றோ இருந்தால் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். 4294967295 என்று இருந்தால் யாரும் யோசிக்கவில்லை. 32 பிட்டும் ஒன்றாக நிற்கும் எண் அது. "எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாது" என்பதைக் கர்னல் பல ஆண்டுகளாக இப்படித்தான் எழுதி வந்தது.

மாற்றத்துக்குள் நடப்பது

அதிர்வெண்ணை மாற்றுவது ஒரு ரிஜிஸ்டரில் எண்ணை எழுதுவதோடு முடிவதில்லை. அதிர்வெண் கூடினால் மின்னழுத்தமும் கூட வேண்டும். போதாத மின்னழுத்தத்தில் வேகமாக ஓடும் கோர் தவறான விடை தரும், அல்லது தொங்கிவிடும். அதனால் ஏறும்போது முதலில் மின்னழுத்தத்தை ஏற்றி, அது நிலைபெறக் காத்திருந்து, பிறகு கடிகாரத்தை மாற்ற வேண்டும். இறங்கும்போது வரிசை தலைகீழ்: முதலில் கடிகாரம், பிறகு மின்னழுத்தம். இறங்கும் வழியில் மின்னழுத்தம் சற்று மெதுவாகக் குறைந்தாலும் கெடுதல் இல்லை, கொஞ்சம் மின்சாரம் வீணாகும், அவ்வளவுதான். ஏறும் வழியில் அந்தச் சலுகை கிடையாது. எனவே தாமதத்தைக் கணக்கிடும்போது ஏறுமுகத்தையே அடிப்படையாக வையுங்கள்.

மின்னழுத்தப் பகுதிக்குள் இரண்டு நேரங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, ரெகுலேட்டர் பழைய அளவிலிருந்து புதிய அளவுக்கு ஏற எடுக்கும் நேரம். ரெகுலேட்டரின் டேட்டாஷீட்டில் ஒரு மைக்ரோ நொடிக்கு எத்தனை மைக்ரோ வோல்ட் என்று இது இருக்கும். டிவைஸ் ட்ரீயில் இதற்கென்றே ரேம்ப் டிலே என்ற பண்பு உண்டு. இன்னொன்று, ரெகுலேட்டருக்குக் கட்டளை போய்ச்சேரும் நேரம். வெளியே தனிச் சிப்பாக இருக்கும் ரெகுலேட்டருடன் பெரும்பாலும் ஐ-டூ-சி பஸ் வழியாகத்தான் பேச வேண்டும். ஒரு ரிஜிஸ்டரில் எழுத முகவரி, ரிஜிஸ்டர் எண், மதிப்பு என்று மூன்று பைட்டு. ஒவ்வொன்றுக்கும் ஏற்பு பிட் சேர்த்தால் 27 பிட்டு. 400 கிலோ ஹெர்ட்ஸ் பஸ்ஸில் இது ஏறத்தாழ 70 மைக்ரோ நொடி, 100 கிலோ ஹெர்ட்ஸில் 270-க்கு மேல். அதே பஸ்ஸில் தொடுதிரையும் சென்ஸாரும் பேசிக்கொண்டிருந்தால், உங்கள் முறை வரும்வரை காத்திருப்பது தனி. கர்னலின் ரெகுலேட்டர் அமைப்பிடம் "இந்த மின்னழுத்தத்திலிருந்து அந்த மின்னழுத்தத்துக்குப் போக எவ்வளவு நேரம்" என்று கேட்டால் அது ஏறும் நேரத்தை மட்டும் சொல்லும். பஸ் நேரம் அதில் வராது. பல போர்டுகளில் எழுதப்பட்ட தாமதம் அளந்த தாமதத்தைவிடக் குறைவாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

கடிகாரப் பகுதியில் முக்கியமானது பிஎல்எல். அதை வேறு அதிர்வெண்ணுக்குத் திருப்பினால் மறுபடி பூட்டிக்கொள்ள நேரம் எடுக்கும், அந்த இடைவெளியில் அதன் வெளியீட்டை நம்ப முடியாது. நன்றாக வடிவமைத்த சிப்பில் கோரைத் தற்காலிகமாக வேறொரு நிலையான கடிகாரத்துக்கு மாற்றிவிட்டு, பிஎல்எல்லைத் திருப்பி, பூட்டியதும் கோரைத் திரும்பக் கொண்டுவர வழி இருக்கும். கோர் நிற்காது, மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்.

ஐ.எம்.எக்ஸ் 6: கையால் ஒரு கணக்கு

ஃப்ரீஸ்கேல் வெளியிட்ட, இன்று என்எக்ஸ்பி-யின் கையில் உள்ள ஐ.எம்.எக்ஸ் 6 குவாட் சிப் இதற்கு நல்ல பாடம். அதன் டிரைவரும் டிவைஸ் ட்ரீயும் கர்னலில் திறந்து கிடக்கின்றன. எண்கள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் பிடிக்கலாம்.

டிவைஸ் ட்ரீயில் சிபியுவுக்குக் கீழே கடிகாரத் தாமதம் 61036 நானோ நொடி என்று இருக்கும். விசித்திரமான எண். பக்கத்திலேயே ஒரு குறிப்பு விளக்கிவிடுகிறது: 32 கிலோ ஹெர்ட்ஸ் கடிகாரத்தின் இரண்டு சுற்று. 32768-ஆல் ஒரு நொடியை வகுத்தால் 30517.6 நானோ நொடி. இரண்டால் பெருக்கினால் 61035 சொச்சம், மேல்நோக்கி முழுமையாக்கினால் 61036. ஊகமில்லை, வன்பொருளின் நடத்தையிலிருந்து வந்த எண், எங்கிருந்து வந்தது என்ற விவரத்தோடு. எண் எழுதும் எவரும் இந்தப் பழக்கத்தைக் காப்பியடிக்கலாம்.

அடுத்து மின்னழுத்தம். அதே டிவைஸ் ட்ரீயில் 396 மெகாஹெர்ட்ஸுக்கு 975 மில்லிவோல்ட், 1.2 கிகாஹெர்ட்ஸுக்கு 1275 மில்லிவோல்ட். இடைவெளி 300 மில்லிவோல்ட். சிப்புக்குள்ளேயே இருக்கும் ரெகுலேட்டர் 25 மில்லிவோல்ட் படிகளில் ஏறும், ஆக 12 படி. மிகக் குறைந்த தாமத அமைப்பில் ஒரு படிக்கு 24 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தின் 64 சுற்று, அதாவது 2.67 மைக்ரோ நொடி. டிரைவர் இதை 3 என்று வைத்துக்கொள்கிறது. 12 படிக்கு 36 மைக்ரோ நொடி. கோரின் மின்தடம் மட்டுமல்ல, சிப்பின் மற்றப் பகுதிகளுக்கான இரண்டு மின்தடங்களும் கூடவே நகர்கின்றன. அவை 100 மில்லிவோல்ட்தான் நகர்வதால் தலா நான்கு படி, 12 மைக்ரோ நொடி. எல்லாம் கூட்டினால் 121 மைக்ரோ நொடி. டிரைவர் துவங்கும்போது இதே கூட்டலைத்தான் செய்து கர்னலிடம் சொல்கிறது.

கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு மின்தடத்துக்கும் மிகத் தாழ்ந்த மின்னழுத்தத்திலிருந்து மிக உயர்ந்ததற்குப் போகும் நேரம் எடுக்கப்படுகிறது. சராசரி எடுக்கப்படவில்லை. இந்த எண் ஒரு மேல்வரம்பு. 792-இலிருந்து 852-க்குப் போக இவ்வளவு ஆகாது. ஆனால் ஒரு பாலிசிக்கு ஒரு எண்தான் சொல்ல முடியும் என்பதால் மோசமான வழியைச் சொல்வதே நேர்மை.

சிப்புக்குள் இருக்கும் ரெகுலேட்டரைப் பயன்படுத்தாமல் வெளியே ஒரு பவர் சிப்பை வைத்து அதே மின்தடத்தை ஓட்டும் போர்டுகள் உண்டு. அங்கே மேலே சொன்ன ஐ-டூ-சி கணக்கு உள்ளே நுழையும், 121 என்பது செல்லாது. சிப்பின் டிவைஸ் ட்ரீயை அப்படியே எடுத்துக்கொண்டு போர்டு வடிவமைப்பை மாற்றியவர்கள் இந்த இடத்தை மறுபடி பார்க்க வேண்டும். பலர் பார்ப்பதில்லை.

இந்த எண்ணை யார் படிக்கிறார்கள்?

டிரைவர் சொல்லும் தாமதத்தை, எப்போது எந்த அதிர்வெண் என்று தீர்மானிக்கும் கவர்னர்கள் படிக்கின்றன. ஒருமுறை அதிர்வெண்ணை மாற்றிவிட்டு, அடுத்து எப்போது திரும்பிப் பார்ப்பது என்று அவை முடிவுசெய்ய வேண்டும். மாற்றவே 100 மைக்ரோ நொடி ஆகும்போது 50 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை மாற்றச் சொன்னால் கோர் மாறிக்கொண்டேதான் இருக்கும், வேலை நடக்காது.

இப்போதைய கர்னலில் இதற்கான கணக்கு ஒரு சிறு செயற்கூறில் இருக்கிறது. டிரைவர் மைக்ரோ நொடியில் ஒரு தனி இடைவெளியைச் சொல்லியிருந்தால் அதுவே இறுதி. சொல்லவில்லை என்றால் மாற்றத் தாமதத்தை எடுத்து, அதில் பாதியை மூச்சுவிடும் இடமாகக் கூட்டிக்கொள்ளும். தாமதம் பூஜ்யம் என்றால் 1 மில்லி நொடி. இந்த விடையை ஸ்கெட்யூட்டில் என்ற கவர்னர் தன் ரேட் லிமிட்டாக எடுத்துக்கொள்கிறது. ஆன்டிமாண்ட், கன்சர்வேட்டிவ் என்ற கவர்னர்கள் இதைச் சாம்பிளிங் இடைவெளியாக எடுக்கின்றன. ஆனால் இரண்டு டைமர் டிக்குக்குக் கீழே இறங்குவதில்லை. 250 ஹெர்ட்ஸ் டிக் உள்ள கர்னலில் அது 8 மில்லி நொடி.

நம் ஐ.எம்.எக்ஸ் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்: 121-உம் அதில் பாதியும், 181 மைக்ரோ நொடி. ஸ்கெட்யூட்டில் 181 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை மாற்றச் சொல்லலாம், ஒவ்வொரு மாற்றமும் 121 எடுக்கும். மோசமான நிலையில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் மாற்றத்திலேயே போகும். நடைமுறையில் வேலைப்பளு இவ்வளவு வெறியாக ஆடாது என்பது உண்மைதான். ஆனாலும் என் கருத்தில் இந்த ஐம்பது சதவீத இடைவெளி, ரெகுலேட்டரை அசைக்க வேண்டிய சிப்புகளுக்குப் போதாது. ரிஜிஸ்டரில் எழுதியதும் மாறிவிடும் சிப்புக்கு அது பொருந்தும். மற்றவர்கள் தாமதத்தை உள்ளபடி சொல்லிவிட்டு, இடைவெளியைத் தனியாக, தாராளமாகச் சொல்லிவிடுவது நல்லது. தாமதத்தையே ஊதிப் பெருக்கி இடைவெளியைக் கூட்டும் குறுக்குவழியை அங்கங்கே காணலாம். அது வேண்டாம். ஒரு எண் வன்பொருளைப் பற்றியது, மற்றது கொள்கையைப் பற்றியது. கலந்துவிட்டால் பின்னால் வருபவருக்கு இரண்டில் எது என்று புரியாது.

"தெரியாது" என்பதைப் பெரிய எண்ணாக எழுதியதன் கதை

பழைய கர்னல்களில் கணக்கு வேறு மாதிரி இருந்தது. தாமதத்தை ஆயிரத்தால் பெருக்கி, 10 மில்லி நொடி என்ற உச்சவரம்பில் வெட்டிவிடுவார்கள். கொஞ்சம் யோசித்தால் இதன் விளைவு வேடிக்கையானது. 10 மைக்ரோ நொடியோ அதற்கு மேலோ தாமதம் சொன்ன எல்லா டிரைவருக்கும் கிடைத்த விடை ஒன்றே: 10 மில்லி நொடி. 60 என்று அளந்து எழுதியவருக்கும் 10, 300 என்று ஊகித்தவருக்கும் 10, "தெரியாது" என்று கைவிரித்தவருக்கும் 10. எண் சரியோ தவறோ, கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் இல்லாத இடத்தில் யாரும் திருத்த மாட்டார்கள். இப்படித்தான் பல டிரைவர்கள் ஆண்டுக்கணக்கில் "தெரியாது" என்ற மதிப்போடு நிம்மதியாக இருந்தன.

பிறகு அந்தக் கணக்கைச் சீர்திருத்தும் வேலை நடந்தது. ஆயிரத்தால் பெருக்குவதற்கு அர்த்தம் இல்லை, இன்றைய சிப்புகளுக்கு 10 மில்லி நொடி மிக அதிகம் என்ற நியாயமான காரணங்களோடு முதலில் வரம்பு 2 மில்லி நொடிக்கு இறங்கியது. பின்னர் பெருக்கலும் வரம்பும் இரண்டுமே போய், டிரைவர் சொல்வதை அப்படியே மதிப்பது என்று முடிவானது. சரியான முடிவு. ஆனால் டிரைவர் சொன்னது "தெரியாது" என்றால்?

4294967295 நானோ நொடியை மைக்ரோ நொடியாக்கினால் 4294967. அதோடு பாதியைக் கூட்டினால் 6442450. ஆறரை நொடிக்குச் சற்றுக் குறைவு. 6.6 கர்னலில் 10000 மைக்ரோ நொடியாக இருந்த ஆன்டிமாண்டின் சாம்பிளிங் இடைவெளி, 6.12-க்கு வந்ததும் இந்தச் சிப்புகளில் 6442450 ஆகியிருந்தது. கவர்னர் ஆறு நொடிக்கு ஒருமுறை கண் திறந்து பார்த்தது. பயனர் திரையைத் தொட்டு, வேலை முடிந்து, கையை எடுத்த பிறகும் அதிர்வெண் ஏறியிருக்காது. ஏறிவிட்டால் வேலை இல்லாதபோதும் இறங்காது. ஸ்கெட்யூட்டில் ஓட்டியவர்களுக்கு அறிகுறி இன்னும் மங்கலானது: சாதனம் சும்மா இருக்கும்போது மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் கழிக்கும் நேரம் சற்றுக் குறைந்து, மின்செலவு கொஞ்சம் கூடியது. கோர் செயலிழக்கவில்லை, எச்சரிக்கை எதுவும் வரவில்லை.

2025-இல் இதற்குத் திருத்தம் வந்தது. "தெரியாது" என்ற மதிப்பைப் பயன்படுத்திய டிரைவர்கள் இனி ஒரு நிஜமான எண்ணைச் சொல்ல வேண்டும். வன்பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டால் 1 மில்லி நொடி என்ற பொது மதிப்பு. தெரியாததற்கு எட்டாத எண்ணை வைப்பதைவிட, யாரையும் அதிகம் காயப்படுத்தாத நடுத்தர எண்ணை வைப்பது மேல் என்பதுதான் அதன் தர்க்கம். உங்கள் கர்னல் அதற்கு முந்தையது என்றால், திருத்தம் அதில் பின்னோக்கி எடுத்துவரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் உங்கள் டிரைவரில் நீங்களே ஒரு எண்ணை எழுதிவிடுங்கள். காத்திருக்கக் காரணம் இல்லை.

இன்னும் பழைய, 2017-க்கு முந்தைய கர்னலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே தாமதம் 10 மில்லி நொடியைத் தாண்டினால் ஆன்டிமாண்ட் ஏற மறுத்துவிடும். தாமதம் அதிகம் என்பதால் வேறு கவர்னருக்குப் போகிறேன் என்று லாக்கில் ஒரு வரி விட்டுவிட்டு, பெர்ஃபார்மன்ஸ் கவர்னரில் உச்ச அதிர்வெண்ணில் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் இதே தவறு குறைந்தபட்சம் சத்தம் போட்டது.

ஃபர்ம்வேர் சொல்வதை எவ்வளவு நம்புவது?

பிசி உலகில் இந்த எண் டிவைஸ் ட்ரீயிலிருந்து வராது, ஏசிபிஐ அட்டவணையிலிருந்து வரும். ஒவ்வொரு பி-ஸ்டேட்டுக்கும் அதிர்வெண், மின்சாரம், மாற்றத் தாமதம் என்று ஒரு வரிசை, தாமதம் மைக்ரோ நொடியில். டிரைவர் எல்லாவற்றிலும் பெரியதை எடுத்து நானோ நொடியாக்கிக்கொள்ளும்.

அட்டவணையை எழுதியவர் பயாஸ் தயாரித்தவர். அவர் எழுதியது எப்போதும் உண்மையாக இருப்பதில்லை. ஏசிபிஐ சிபியுஃப்ரீக் டிரைவரின் மூலநிரலில் இன்றும் ஒரு குறிப்பு இருக்கிறது: தவறான பயாஸ்கள் 20 மைக்ரோ நொடிக்கு மேல் சொல்கின்றன, உதாரணம் திங்க்பேட் டி42. கட்டுப்பாட்டு ரிஜிஸ்டர் சிபியுவுக்குள்ளேயே இருக்கும் வகை என்றால், மாற்றம் அவ்வளவு நேரம் எடுக்க வாய்ப்பில்லை என்று டிரைவர் முடிவுசெய்து எண்ணை 20-இல் வெட்டிவிடும், லாக்கிலும் சொல்லிவிடும். ஐஓ போர்ட் வழியாக மாற்றும் பழைய இயந்திரங்களுக்கு இந்த வெட்டு கிடையாது, அங்கே நிஜமாகவே நேரம் எடுக்கலாம். ஃபர்ம்வேரின் சொல்லைக் குருட்டுத்தனமாக ஏற்கவும் இல்லை, மொத்தமாகப் புறக்கணிக்கவும் இல்லை. எந்த வழியில் மாற்றம் நடக்கிறது என்று பார்த்து, அந்த வழிக்குப் பொருந்தாத எண்ணை மட்டும் திருத்துகிறார்கள். உங்கள் டிரைவரிலும் இதைச் செய்யலாம். ஃபர்ம்வேர் பூஜ்யம் சொன்னால், அல்லது நம்ப முடியாத அளவு பெரிதாகச் சொன்னால், லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டு உங்களுக்குத் தெரிந்த எல்லைக்குள் கொண்டுவாருங்கள். சத்தமில்லாமல் திருத்தினால் பயாஸ் எழுதியவர் ஒருபோதும் திருத்த மாட்டார்.

இன்னொரு சிக்கல் நவீன சிப்புகளில் வருகிறது. இன்டெலின் ஹாஸ்வெல் சர்வர் சிப்புகளை டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்தபோது ஒன்று தெரிந்தது: அதிர்வெண் மாற்றக் கோரிக்கைகளைச் சிப் உடனே நிறைவேற்றுவதில்லை, ஏறத்தாழ 500 மைக்ரோ நொடிக்கு ஒருமுறைதான் எடுத்துப் பார்க்கிறது. சாலையில் ஓடும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள்: பஸ் ஊர்போய்ச் சேர எவ்வளவு நேரம் என்பது வேறு, எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ் என்பது வேறு. ஏறிய பிறகு பயணம் இருபது மைக்ரோ நொடிதான். ஆனால் ஸ்டாப்புக்கு நீங்கள் வந்தபோது பஸ் இப்போதுதான் போனது என்றால் அரை மில்லி நொடி நிற்க வேண்டும். கவர்னர் இருபது மைக்ரோ நொடியை மட்டும் நம்பி வேகவேகமாகக் கோரிக்கை அனுப்பினால், பெரும்பாலானவை ஒன்றின் மேல் ஒன்று எழுதி அழிபட்டுப் போகும்.

கர்னலின் இன்டெல் பி-ஸ்டேட் டிரைவர் பாஸிவ் முறையில் இரண்டு எண்களையும் பிரித்தே சொல்கிறது. தாமதம் 20 மைக்ரோ நொடி. இடைவெளி 500 மைக்ரோ நொடி, வன்பொருளே அதிர்வெண்ணை நிர்வகிக்கும் ஹெச்டபிள்யூபி முறை இயங்கினால் 5000. ஏஎம்டி பி-ஸ்டேட் டிரைவரிலும் தாமதம் 20, இடைவெளி 1000, வேகமான சிபிபிசி வசதியுள்ள சிப்புகளில் 600. சொந்தமாக நுண்கட்டுப்பாட்டுச் சிப் வைத்து அதிர்வெண்ணை நிர்வகிக்கும் எந்த எஸ்ஓசி-க்கும் இதுவே மாதிரி.

அளந்து பார்ப்பது

டேட்டாஷீட் கணக்கு ஒரு தொடக்கம், கடைசி வார்த்தை அளவீட்டுக்கு. எளிய வழி: யூசர்ஸ்பேஸ் கவர்னரைப் போட்டு, மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கும் மிக உயர்ந்ததற்கும் மாறிமாறிக் கட்டளையிடுங்கள். எஃப்டிரேஸின் ஃபங்ஷன் கிராஃப் டிரேசரை உங்கள் டிரைவரின் அதிர்வெண் மாற்றும் செயற்கூறின் மேல் வையுங்கள். ஒவ்வொரு அழைப்பும் எவ்வளவு நேரம் எடுத்தது என்று மைக்ரோ நொடியில் வந்துவிடும். மாற்றம் முழுவதையும் டிரைவரே செய்து, முடியும்வரை திரும்பாமல் இருக்கும் சிப்புகளுக்கு இது போதும். ரெகுலேட்டர் செயற்கூறுகளையும் கூடவே டிரேஸ் செய்தால் பஸ் நேரம் எவ்வளவு, ஏறும் நேரம் எவ்வளவு என்று பிரிந்து தெரியும்.

ஃபர்ம்வேரிடம் கோரிக்கை போட்டுவிட்டு உடனே திரும்பும் டிரைவர்களுக்கு இந்த அளவீடு பொய் சொல்லும். அங்கே கோரின் வேகத்தையே கவனிக்க வேண்டும். ஒரு நிரலை ஒரே கோரில் கட்டிப்போட்டு, சிறிய நிலையான சுழலை ஓட்டி, ஒவ்வொரு சுற்றும் எடுக்கும் நேரத்தை அதிர்வெண்ணோடு மாறாத டைமரால் அளந்துகொண்டே இருங்கள். ஆர்ம் சிப்பில் ஜெனரிக் டைமர், எக்ஸ்86-இல் மாறா டிஎஸ்சி. கோரிக்கை போட்ட கணத்திலிருந்து, சுற்று நேரம் புதிய அதிர்வெண்ணுக்குரிய அளவில் நிலைபெறும் கணம் வரை உள்ளதே தாமதம்.

இதில் ஒரு பொறி. முந்தைய மாற்றம் முடிந்ததும் உடனே அடுத்த கோரிக்கையைப் போட்டால், ஒவ்வொரு முறையும் ஃபர்ம்வேரின் சுழற்சியில் ஒரே இடத்தில்தான் விழுவீர்கள். விடைகள் அழகாக ஒன்றுபோல வரும், தவறாகவும் இருக்கும். இரண்டு கோரிக்கைகளுக்கு நடுவே ஒழுங்கற்ற ஓர் இடைவெளியை விடுங்கள். விடைகள் பரவலாகச் சிதறினால் உங்கள் சிப்பும் பஸ் அட்டவணை வைத்திருக்கிறது என்று அர்த்தம். சிதறலின் அகலம் எவ்வளவோ, ஏறத்தாழ அதுவே நீங்கள் சொல்ல வேண்டிய இடைவெளி.

சராசரியை எழுதாதீர்கள். பெரிய விடைகளைப் பாருங்கள், ஆனால் இன்டரப்ட் குறுக்கிட்டதால் வந்த ஒன்றிரண்டு பைத்தியக்கார எண்களை டிரேஸைப் பார்த்துக் கழித்துவிடுங்கள். ஐ-டூ-சி பஸ்ஸில் வேறு சாதனங்கள் பேசும்போதும் ஒருமுறை அளந்துவிடுங்கள். மேசை மேல் தனியாக இருக்கும் போர்டு எப்போதும் நல்ல பிள்ளை.

எங்கே எழுதுவது

பொதுவான டிவைஸ் ட்ரீ டிரைவரைப் பயன்படுத்தினால் நிரலைத் தொடவே வேண்டாம். அதிர்வெண்ணையும் மின்னழுத்தத்தையும் ஜோடியாகச் சொல்லும் ஓபிபி அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் கடிகாரத் தாமதத்தை நானோ நொடியில் எழுதலாம், அவற்றில் பெரியதைக் கர்னல் எடுத்துக்கொள்ளும். ரெகுலேட்டரின் ரேம்ப் டிலேயை ரெகுலேட்டரின் கணுவில் எழுத வேண்டும். அட்டவணையின் தாழ்ந்த மின்னழுத்தத்துக்கும் உயர்ந்ததற்கும் உள்ள நேரத்தைக் கர்னலே கணக்கிட்டு, கடிகாரத் தாமதத்தோடு கூட்டிக்கொள்ளும். அதனால் அளவீட்டில் கிடைத்த மொத்த எண்ணைக் கடிகாரத் தாமதம் என்று எழுதிவிட்டால் மின்னழுத்த நேரம் இரண்டு முறை எண்ணப்படும். மொத்தத்திலிருந்து ஏறும் நேரத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை எழுதுங்கள். பஸ் நேரத்துக்கென்று தனி இடம் இல்லாததால் அதையும் இந்த மிச்சத்தில் சேர்ப்பதுதான் வழி. சுத்தமான முறை இல்லை என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஒரு வரிக் குறிப்பு எழுதி வைத்தால் போதும்.

சொந்த டிரைவர் எழுதினால் இன்னொரு கேள்வியும் வரும்: ஸ்கெட்யூட்டிலின் வேகப் பாதையை இயக்கலாமா? அந்தப் பாதையில் உங்கள் செயற்கூறு ஷெட்யூலரின் உள்ளிருந்தே, இன்டரப்ட் அடைத்த நிலையில் அழைக்கப்படும். அங்கே தூங்க முடியாது, ஐ-டூ-சி-யோடு பேச முடியாது. ரிஜிஸ்டரில் எழுதியதும் வேலை முடியும் சிப்புகளுக்கு மட்டுமே அது. மற்றவர்களுக்கு ஸ்கெட்யூட்டில் தனியாக ஒரு கர்னல் திரெட்டை எழுப்பி அதன் மூலம் மாற்றும். அந்தத் திரெட் எழுவதற்கும் பூட்டுக்காகக் காத்திருப்பதற்கும் ஆகும் நேரம் வன்பொருளின் தாமதம் இல்லை. அதைத் தாமதத்தில் சேர்க்காமல் இடைவெளியில் கணக்கு வையுங்கள்.

எழுதி முடித்த பின் ஸ்கெட்யூட்டிலின் ரேட் லிமிட் கோப்பைப் படியுங்கள். ஒவ்வொரு முறை கர்னலை மேலேற்றும்போதும் மறுபடி படியுங்கள். அதில் வரும் எண்ணே எங்கே தவறு என்று சொல்லிவிடும். 1500 என்றால் உங்கள் எண் கர்னலுக்குப் போய்ச்சேரவில்லை, பொது மதிப்பான 1 மில்லி நொடியும் பாதியும் சேர்ந்து நிற்கிறது. டிவைஸ் ட்ரீயில் பண்பின் பெயரைச் சரிபாருங்கள். 1000 என்றால், டிரைவர் அந்த இடைவெளியை வேண்டுமென்றே சொல்லாத பட்சத்தில், தாமதம் பூஜ்யமாகப் போயிருக்கிறது. பெரும்பாலும் மைக்ரோவையும் நானோவையும் குழப்பிக்கொண்ட இடம் அது. 10000 என்று வந்தால் பழைய கர்னலின் வரம்பில் முட்டி நிற்கிறீர்கள். அங்கே உங்கள் எண்ணுக்கு மதிப்பில்லை, வேகம் வேண்டும் என்றால் ரேட் லிமிட்டை நேரடியாக எழுதுங்கள். 6442450 வந்தால் என்ன செய்வது என்று மேலே பார்த்துவிட்டோம். இவை எதுவும் இல்லாமல், நீங்கள் அளந்த தாமதமும் அதன் பாதியும் சேர்ந்த எண்ணோ, நீங்களே சொன்ன இடைவெளியோ வந்தால் அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம்.